பழைய ஆங்கிலப் பறவைப் பெயர்களின் ஸ்பெல்லிங் ஏன் இப்படி இருக்கிறது?

பழைய ஆங்கில நூல்களின் ஸ்கேன் பிரதிகளைப் பார்த்துத் தட்டச்சு செய்துவரும் ஒருவர் கேட்ட கேள்வி: "குயில் இனத்தைக் குறிக்கும் குக்கூ என்ற பெயர் இரண்டு ஓவில் முடியாமல் ஓ, டபிள்யூ என்று முடிகிறது. புறாவுக்கான பிஜன் என்ற சொல்லில் ஜிக்கு முன்னால் ஒரு டி நிற்கிறது. அண்டங்காக்கையான ரேவனில் வி இருக்க வேண்டிய இடத்தில் யூ. இவையெல்லாம் அச்சுப் பிழைகளா? திருத்தி எழுதிவிடலாமா?"

தயவுசெய்து திருத்தாதீர்கள். மூன்றுமே அவை அச்சான காலத்தில் சரியாக இருந்த ஸ்பெல்லிங்தான். ஆண்டுக்கணக்காக இந்தப் பெயர்களின் பின்னால் அலைந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எனக்குப் புரிந்த ஒன்று உண்டு. வழக்கொழிந்த ஸ்பெல்லிங்கில் பிழை குறைவு. இன்று சரி என்று நாம் எழுதுகிற பறவைப் பெயர்களில்தான் யாரோ தவறாகக் கேட்டதும், யாரோ தவறாக ஊகித்ததும் உறைந்துபோய்க் கிடக்கின்றன. பழைய எழுத்தை அழித்துவிட்டால் அந்தத் தவறு எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்கும் வழியும் அழிந்துவிடும்.

ஒரு சிறு ஏற்பாடு: ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தை டி என்றும் இருபதாம் எழுத்தை டீ என்றும், பதினாறாம் எழுத்தைப் பீ என்றும் எழுதுகிறேன். இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

பறவையைக் குறிக்கும் 'பேர்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறக்குறைய 1100-க்கு முந்தைய ஆங்கிலத்தில், அது 'பிரிட்'. ஆர் முன்னால், ஐ பின்னால். பொருளும் வேறு, குஞ்சு என்று மட்டுமே. பறவை என்ற பொதுப்பொருளுக்கு 'ஃபுகொல்' என்று வேறு சொல் இருந்தது. அது தேய்ந்து 'ஃபவுல்' ஆகி, இன்று பெரும்பாலும் கோழியோடு நின்றுவிட்டது. குஞ்சைக் குறித்த சொல் வளர்ந்து பறவை இனம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. வளரும்போது உள்ளே இருந்த எழுத்துகளும் இடம் மாறின. மதுரையை மருதை என்கிறோமே, தசையைச் சதை என்கிறோமே, அதே வேலைதான். மூன்றாவது என்ற பொருளில் 'த்ரிட்' என்றிருந்தது 'தேர்ட்' ஆனதும், குதிரையைக் குறித்த 'ஹ்ரோஸ்' 'ஹார்ஸ்' ஆனதும் இப்படித்தான். 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் எழுதியபோது பன்மையில் 'பிரிட்டெஸ்' என்றே எழுதினார். இன்றைய கண்ணுக்கு அது எழுத்து மாறிப்போன பிழை. உண்மையில் மாறிப்போனது இன்றைய வடிவம்.

சாஸரின் பறவைகள் சபை என்ற கவிதை இந்த விஷயத்தில் ஒரு புதையல். காதலர் நாளன்று பறவைகள் கூடித் துணை தேடுவதாகக் கதை. ஒவ்வொரு பறவைக்கும் ஓர் அடைமொழி கொடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டே போவார். கழுகு அங்கே 'எக்ளே', ஆந்தை 'ஊலெ', சிட்டுக்குருவி 'ஸ்பார்வெ', தகைவிலான் 'ஸ்வால்வெ', மயில் 'பெக்கோக்'. கடைசி இ எழுத்தை அன்று மெல்ல உச்சரித்தார்கள். பிறகு நாக்கு அதைக் கைவிட்டது, கை மட்டும் விடவில்லை. அதனால்தான் ஷேக்ஸ்பியர் காலத்து அச்சிலும் ஆந்தைக்கும் வானம்பாடிக்கும் பின்னால் ஒலிக்காத ஒரு இ தொங்குகிறது. 'ஸ்பார்வெ' 'ஸ்பாரோ' ஆனதும் 'ஸ்வால்வெ' 'ஸ்வாலோ' ஆனதும் ஒரே விதிப்படிதான். அம்பைக் குறிக்கும் 'ஆர்வெ' 'ஆரோ' ஆனது போல. ஒழுங்கில்லாமல் தெரியும் பழைய ஸ்பெல்லிங்குக்கு உள்ளே இப்படி ஓர் ஒழுங்கு ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

1476-ல் இங்கிலாந்தின் முதல் அச்சகரான காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தபோது நிலையான ஸ்பெல்லிங் என்ற எண்ணமே கிடையாது. ஒரே பக்கத்தில் ஒரே பறவை இரண்டு விதமாக வரலாம். அச்சுக் கோப்பவர் வரியின் நீளத்தைச் சரிக்கட்ட ஒரு இ சேர்ப்பார், அல்லது எடுப்பார். ஐ எழுத்துக்குப் பதில் ஒய் போடுவார். பருந்தான 'கைட்' நடுவில் ஒய்யோடு வருவது அதனால்தான்.

ரேவனின் யூ வேறு கதை. அந்தக் காலத்தில் யூவும் வியும் இரண்டு எழுத்துகள் அல்ல, ஒரே எழுத்தின் இரண்டு உருவங்கள். சொல்லின் தொடக்கத்தில் வி, நடுவில் யூ, ஒலி எதுவாக இருந்தாலும் சரி. 1611-ல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதல் பதிப்பில் நோவா பேழையிலிருந்து அனுப்பும் அண்டங்காக்கையும் புறாவும், ரேவனும் டவ்வும், இரண்டுமே நடுவில் யூவோடுதான் அச்சாகியிருக்கின்றன. 1630-களுக்குப் பிறகு இந்த வழக்கம் மெல்ல மறைந்தது. எஸ் எழுத்தின் பழைய உருவமான நெட்டை எஸ் இன்னும் நீண்ட நாள் வாழ்ந்தது. எஃப் போலவே தோன்றும், குறுக்குக் கோடு மட்டும் முழுதாக இருக்காது. ஏறக்குறைய 1800 வரை அதுதான் வழக்கம். இன்றைய கணினி அதை எஃப் என்றே படிக்கிறது. அதனால் ஸ்பாரோ 'ஃப்பாரோ' போலவும் ஸ்டார்க் 'ஃப்டார்க்' போலவும் தேடுபொறியில் கிடைக்கின்றன. இவற்றை மட்டும் திருத்தலாம், ஏனென்றால் இது நூலின் ஸ்பெல்லிங் அல்ல, இயந்திரத்தின் தவறு. முன்னதும் பின்னதும் ஒன்றல்ல என்பதைத் தட்டச்சு செய்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. படித்தவர்கள் கைவைத்துக் கெடுத்த பெயர்கள்.

ஸ்காட்லாந்து மலைகளில் டார்மிகன் என்று ஒரு பறவை உண்டு. குளிர்காலத்தில் பனியோடு பனியாக வெளுத்துப்போகும். பெயர் ஸ்காட்லாந்து மலைப்பகுதியின் பழைய மொழியான கேலிக்கின் 'டார்மகன்'. ஆங்கிலத்தில் முதலில் டீ எழுத்தில் தொடங்கி 'டெர்மிகன்ட்' என்றெல்லாம் எழுதினார்கள். 1684-ல் எடின்பரோ மருத்துவரான ராபர்ட் சிபால்ட் ஸ்காட்லாந்தின் இயற்கை வளம் பற்றி எழுதிய நூலில் இந்தப் பெயருக்கு முன்னால் ஒரு பீயைச் சேர்த்தார். கிரேக்கத்தில் சிறகுக்கு 'ப்டெரோன்' என்று பெயர், பறவைப் பெயர் அதிலிருந்துதான் வந்திருக்கும் என்ற நினைப்பு. கிரேக்கத்துக்கும் இந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அந்த ஒலிக்காத பீ அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று அதை விட்டுவிட்டு எழுதினால் எழுத்துப் பிழை என்பார்கள். பழைய நூலில் பீ இல்லாத வடிவத்தைப் பார்த்தால் அதுதான் நேர்மையான வடிவம் என்று சொல்வேன்.

வல்லூறான ஃபால்கனும் இப்படித்தான். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது 'ஃபாக்கொன்'. எல் எழுத்தே கிடையாது, சாஸரிடமும் கிடையாது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் 'ஃபால்கோ'வை நினைத்து எல் எழுத்தைத் திரும்பச் செருகினார்கள். முதலில் கண்ணுக்காக மட்டும் இருந்த எழுத்து, பிறகு வாயிலும் ஏறிவிட்டது. வல்லூறு பழக்கி வேட்டையாடுபவர்கள் மட்டும் 20-ஆம் நூற்றாண்டிலும் எல் இல்லாமல் 'ஃபாக்கன்' என்றே சொல்லிவந்தார்கள். தொழிலில் இருப்பவர்களின் நாக்கு புத்தகத்துக்குக் கட்டுப்படாது. இதன் பெரிய உறவான ஜெர்ஃபால்கன் பழைய நூல்களில் ஜி, இ, ஆர் என்று தொடங்கும். வட்டமிடுவதைக் குறிக்கும் லத்தீன் 'ஜைரஸ்'தான் மூலம் என்று நம்பியவர்களால் இ போய் ஒய் வந்தது. இன்றைய பட்டியல்களில் ஒய்தான் நிலைத்திருக்கிறது.

காட்டுக்கோழி இனத்துப் பறவையான ஃபெசன்ட்டின் தொடக்கத்தில் சாஸர் எழுதியது வெறும் எஃப். கருங்கடலில் கலக்கும் ஃபாசிஸ் நதிதான் இந்தப் பறவையின் பெயருக்கு மூலம். ஜார்ஜியா நாட்டில் ஓடும் அந்த நதியை இன்று ரியோனி என்கிறார்கள். கிரேக்க மூலத்தை நினைவில் வைத்து எஃப்பை நீக்கிப் பீ, எச் போட்டவர்கள் இந்த முறை சரியாகவே ஊகித்தார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கடைசியில் இருக்கும் டீக்கு எந்த மூலமும் கிடையாது. பிரெஞ்சில் இன்றும் அது 'ஃபெசான்'. நீர்க்காகமான கார்மரன்ட்டின் வாலில் இருக்கும் டீயும் இப்படி ஒட்டிக்கொண்டதே. லத்தீனில் 'கார்வுஸ் மரினுஸ்', அதாவது கடல் காக்கை. நாம் நீர்க்காகம் என்பதும் அதே பார்வைதான்.

கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுப் பறவையின் பழைய ஸ்பெல்லிங்கைப் பார்ப்பவர்கள் நடுவில் ஒரு இசட்டைக் கண்டு திகைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டு நூல்களிலும் அந்த இசட் உண்டு. உண்மையில் அது இசட்டே அல்ல. ஸ்காட்லாந்தில் 'யோக்' என்று மூன்று என்ற எண்ணைப் போன்ற உருவமுள்ள ஓர் எழுத்து இருந்தது, யகரத்துக்கு நெருக்கமான ஒலிக்கு அதைப் பயன்படுத்தினார்கள். அச்சகங்களில் அந்த எழுத்துக்கு வார்ப்பு இல்லை. கையில் இருந்ததில் உருவத்தால் நெருங்கியது இசட், அதைப் போட்டு ஒப்பேற்றினார்கள். மென்சீஸ் என்ற குடும்பப் பெயரை ஸ்காட்லாந்தில் 'மிங்கிஸ்' என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். கேப்பர்கெய்லி என்ற பெயரின் பொருள் கேலிக் மொழியில் 'காட்டின் குதிரை'. 18-ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் இந்தப் பறவை பிரிட்டனில் அற்றுப்போனது. 1837-ல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து மறுபடி குடியேற்றினார்கள். பறவை இல்லாத காலத்திலும் காகிதத்தில் அந்தப் பொய் இசட் வாழ்ந்துகொண்டிருந்தது.

படிக்காதவர்களின் காது செய்த மாற்றங்கள் இவற்றைவிட அழகானவை. சொல்லின் பழைய பொருள் மறந்துபோனால், தெரிந்த சொல் ஒன்றை அதற்குள் பொருத்திக்கொள்வது மனித இயல்பு.

வீட்இயர் என்ற சிறு பறவையின் பெயரைப் பிரித்துப் படித்தால் கோதுமை, கதிர் என்று வரும். கோதுமை அறுவடைக் காலத்தில் கொழுத்து இருப்பதால் இந்தப் பெயர் என்று விளக்கமும் சொல்லி வந்தார்கள். அதற்கும் கோதுமைக்கும் தொடர்பே இல்லை. பறக்கும்போது பளிச்சென்று தெரியும் வெள்ளைப் பிட்டம்தான் பெயருக்குக் காரணம். வெள்ளை என்ற சொல்லும் பிட்டத்துக்கான பழைய நாட்டுச் சொல்லும் சேர்ந்தது. கடைசியில் இருந்த எஸ் அந்தச் சொல்லின் பகுதி. அதைப் பன்மை விகுதி என்று நினைத்து வெட்டியபோது ஒருமையில் 'வீட்இயர்' பிறந்தது. பிரெஞ்சில் இதே பறவைக்கு 'குல்பிளான்' என்றொரு பெயர் உண்டு, அங்கே பொருள் மறையவில்லை. சசெக்ஸ் மேய்ச்சல் நிலங்களில் இடையர்கள் இதைக் கண்ணி வைத்துப் பிடித்து உணவுக்காக விற்றார்கள். சந்தையில் விற்கும் பண்டத்துக்குக் கோதுமை என்ற பெயர் நன்றாகவே பொருந்தியிருக்கும்.

லாப்விங் நம் ஆட்காட்டி இனத்துப் பறவை. பெயரில் விங் இருப்பதால் சிறகு என்று எல்லோரும் நினைக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லெயபெவின்செ'. முதல் பகுதி துள்ளுதல், இரண்டாம் பகுதி தள்ளாடுதல். அது பறக்கும் விதத்தை ஒரு முறை பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றாது. இடைக்காலத்தில் 'லாப்பெவிங்க்' என்று கே எழுத்தோடு இருந்தது. கே ஜி ஆனது, சிறகு முளைத்தது, துள்ளலும் தள்ளாட்டமும் காணாமல் போயின. கையெழுத்துப் பிரதியில் கே எழுத்தைப் பார்த்தால் அதை ஜி என்று மாற்றாதீர்கள். அந்த ஒற்றை எழுத்துதான் சான்று.

டிட்மவுஸ் என்ற பெயரில் எலி எங்கிருந்து வந்தது? எலியே இல்லை. நம் பட்டாணிக் குருவியின் இனத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் 'மாசெ' என்று பெயர். ஜெர்மனில் இன்றும் 'மைசெ'. சிறியது என்ற பொருளில் 'டிட்' முன்னால் சேர்ந்து 'டிட்மோஸ்' ஆனது. 'மாசெ' தனியாக வழக்கில் இல்லாமல் போனதும் 16-ஆம் நூற்றாண்டில் அது 'மவுஸ்' ஆகிவிட்டது. பன்மையில் எலிக்கு வருவதைப் போலவே 'மைஸ்' என்று மாற்றவும் செய்தார்கள். மரத்தில் தாவும் குருவிக்கு இலக்கணத்தில் எலி வால் ஒட்டிக்கொண்டது.

யெலோஹேமர் என்ற மஞ்சள் குருவியில் சுத்தியல் நுழைந்த கதையும் இதுதான். 16-ஆம் நூற்றாண்டில் அது 'யெலாம்ப்ர' என்று வருகிறது. 'அமெர்' என்பது அந்தக் குருவி இனத்தின் பழைய பெயர், ஜெர்மனில் இன்றும் 'அம்மெர்'. 1843-ல் முடிந்த தமது பிரிட்டிஷ் பறவைகள் நூலில் வில்லியம் யாரெல் இந்த எச் எழுத்தை நீக்கி 'யெலோ அம்மர்' என்றே எழுதவேண்டும் என்று வாதாடினார், எழுதியும் காட்டினார். அவர் சொன்னது சரி. ஆனாலும் உலகம் சுத்தியலை விடவில்லை. யாரெல் வழியில் எழுதிய சில 19-ஆம் நூற்றாண்டு ஆசிரியர்களின் பக்கங்களில் எச் இல்லாத வடிவத்தைக் காணலாம். அது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு, கைதவறியது அல்ல.

நைட்டிங்கேலில் நடுவில் இருக்கும் என் எழுத்தும் விருந்தாளிதான். பழைய வடிவம் 'நிஹ்டெகாலெ', இரவில் பாடுவது. 13-ஆம் நூற்றாண்டளவில் நடுவில் ஒரு மூக்கொலி புகுந்தது. தூதனைக் குறிக்கும் 'மெசஜர்' 'மெசஞ்சர்' ஆனது போல. ஜெர்மன் 'நாஹ்டிகால்' இன்றும் என் இல்லாமல் இருக்கிறது. பிட்டெர்ன் என்ற நாணல் கொக்கின் கடைசி என் எழுத்தும் இப்படி வந்ததே. சாஸர் அதை 'பிட்டோரெ' என்று எழுதி, சேற்றில் அது முழங்குவதையும் ஒரே வரியில் கேட்க வைத்திருக்கிறார்.

குக்கூவுக்கு வருகிறேன். பழைய ஆங்கிலத்தில் அதன் பெயர் 'யெயக்'. வடக்கே ஸ்காண்டிநேவியர் மொழி வழியாக 'கௌக்' என்று நிலைத்தது, ஸ்காட்லாந்தில் ஏப்ரல் முதல் நாள் ஏமாறுபவரை இன்றும் அப்படி அழைப்பார்கள். தெற்கே பறவையின் கூவலே பெயரானது. ரெடிங் மடத்தோடு தொடர்புடைய 13-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் கோடை வந்ததைப் பாடும் புகழ்பெற்ற பாடல் இருக்கிறது. அதில் பறவை சி, யூ, சி, சி, யூ. பிறகு ஓ, டபிள்யூ முடிவு பரவி 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சாதாரணமாக இருந்தது. இரண்டு ஓ வந்து அதை முழுதாகத் தள்ளியது அதன் பின்புதான். பிஜனில் டி வைத்து எழுதுவதும் அதே நூற்றாண்டுகளின் பழக்கம். ஜிக்கு அங்கே 'ஜ' ஒலி என்பதைக் காட்டும் உதவி எழுத்து அது. விஜன் என்ற வாத்துக்கு டி இன்னும் நீண்ட நாள் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டு வேட்டைக்காரர்கள் கூட டியோடு எழுதினார்கள். பறவை நோக்கர்கள் இன்று டி இல்லாமல் எழுதுகிறார்கள். விசித்திரம் என்னவென்றால், இங்கே பழைய வடிவம் ஒன்றுதான் மீண்டும் வென்றிருக்கிறது.

ஸ்பெல்லிங்கை நம்பாமல் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கும், திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஷேக்ஸ்பியரிடமே எடுத்துக்காட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் இரவு நாடகத்தில், மால்வோலியோ போலிக் கடிதத்தைப் படித்து ஏமாறும் காட்சியில், ஒளிந்திருந்து பார்க்கும் சர் டோபி அவனை ஒரு பறவையோடு ஒப்பிடுகிறார். 1623-ல் வந்த முதல் தொகுப்பில் அந்த இடத்தில் அச்சாகியிருப்பது 'ஸ்டாலியன்', அதாவது ஆண் குதிரை. குதிரைக்கு ஏது சிறகு? வரியிலேயே சிறகு இருக்கிறது. 'ஸ்டேனியல்' என்பது கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறின் பழைய பெயர். அச்சுக் கோத்தவருக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை, தெரிந்த சொல்லைப் போட்டுவிட்டார். இன்றைய பதிப்புகள் பறவையை மீட்டுவிட்டன. ஹாம்லெட்டில் பருந்துக்கும் கைரம்பத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும் என்று ஒரு வசனம் வரும். அந்தக் கைரம்பம், இளம் நாரையைக் குறிக்கும் 'ஹெர்ன்ஷா'வின் சிதைவாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. சாஸரிடம் அது 'ஹெரொன்செவ்', நார்ஃபோக் பேச்சில் 'ஹார்ன்சர்'. இரண்டுமே தொழிற்கருவிகள் என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்குப் பறவைப் பக்கம்தான் மனம் சாய்கிறது. அந்தக் காலத்தில் வல்லூறு வேட்டையில் நாரை முக்கிய இரை என்பதால் அந்த இணை இயல்பாக அமைகிறது.

கப்பலில் வந்த பெயர்களைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதலாம், இங்கே ஒன்று போதும். ஆல்பட்ராஸின் மூலம் ஸ்பானிய, போர்த்துக்கீசிய 'அல்கட்ராஸ்'. கூழைக்கடா போன்ற பெரிய கடற்பறவைகளை அப்படி அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் சிறைத்தீவுக்கும் அதே பெயர். 17-ஆம் நூற்றாண்டு மாலுமிகளின் குறிப்புகளில் 'அல்கட்ராஸ்' என்ற பெயரின் ககரம் சியிலும் ஜியிலும் மாறி மாறி வரும். தென்கடலின் வெள்ளைப் பறவைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தபோது, வெண்மையைக் குறிக்கும் லத்தீன் 'அல்பஸ்' மனத்தில் குறுக்கிட்டு எழுத்தை மாற்றிவிட்டது.

இந்தியப் பறவைகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் பட்ட பாட்டை அறிய 1886-ல் யூலும் பர்னெலும் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியைப் பாருங்கள். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். சாரசக் கொக்குக்கான விளக்கம் அதில் எஸ் எழுத்தில் இல்லை. சி எழுத்தில், பாரசீக மன்னர் சைரஸின் பெயரைப் போலவே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்திச் சொல்லான 'சாரஸ்' ஆங்கிலேயர் காதில் அவர்கள் பள்ளியில் படித்த மன்னரின் பெயராக விழுந்திருக்கிறது. சிவப்புச் சில்லைக்கு ஆங்கிலத்தில் 'அவடவட்'. கூண்டுக் குருவியாக அகமதாபாத்திலிருந்து வந்ததால் ஊர்ப் பெயரே பறவையின் பெயரானது. 17-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த ஜான் ஃப்ரையர் அந்த ஊரை 'அமிடவாட்' என்று எழுதி, அங்கிருந்து வரும் இந்தப் புள்ளிக் குருவிகளைக் குறிப்பிட்டிருக்கிறார். மகரம் வகரமானதும் ஊர் மறைந்துவிட்டது. அறிவியல் பெயரான 'அமண்டாவா'வில் மட்டும் பழைய மகரம் பிழைத்திருக்கிறது. மைனாவை ஏ ஐ என்றும், வெறும் ஐ என்றும், ஒய் என்றும், கடைசியில் எச் சேர்த்தும் எழுதியிருக்கிறார்கள். இன்றைய பறவைப் பட்டியல்கள் எச் இல்லாத ஒய் வடிவத்தை ஏற்றிருக்கின்றன. பொது அகராதிகளில் எச் இன்னும் எட்டிப் பார்க்கும்.

தமிழ் வாசகர்களுக்காக இன்னொன்று. சாலமோன் மன்னருக்குக் கப்பலில் வந்தவற்றில் 'துக்கி' என்ற எபிரேயச் சொல் வருகிறது. 1611 பைபிள் அதை மயில் என்றே மொழிபெயர்த்தது. தமிழின் 'தோகை'தான் இதன் மூலம் என்று இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட தமது ஒப்பிலக்கணத்தில் எழுதினார். மறுப்பவர்கள் உண்டு. சில புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் அங்கே குரங்கினம் ஒன்றைப் போடுகின்றன. ஆங்கிலத்தின் 'பீகாக்' வேறு வழியில் வந்தது, லத்தீன் 'பாவோ'விலிருந்து.

நீங்கள் செய்யும் வேலைக்கு உதவும் சில விஷயங்கள். நூலின் உடலில் ஸ்பெல்லிங்கை உள்ளபடியே வையுங்கள். இன்றைய பெயரைத் தேடல் சொல்லாகத் தனியே சேருங்கள், இரண்டு தரப்பு வாசகர்களுக்கும் பயன்படும். ஒரு பறவையைப் பழைய ஆவணங்களில் தேடும்போது இன்றைய ஸ்பெல்லிங்கில் மட்டும் தேடிவிட்டு அங்கே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கடைசி இ, ஐக்கு ஒய், நெட்டை எஸ்ஸுக்கு எஃப், விக்கு யூ என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதிய ஜெர்டன் போன்றவர்களின் நூல்களில் ரோமன் எழுத்தில் இருக்கும் தமிழ்ப் பெயர்களுக்கும் இதே கவனம் தேவை. அவையும் ஒருவர் காதால் கேட்டு எழுதியவைதான். தமிழ் ஒலிப்புத் தெரிந்த நாம்தான் அவற்றைச் சரியாக மீட்டுப் படிக்க முடியும்.

உங்கள் ஸ்கேனில் முகப்புப் பக்கம் இல்லை என்றால் இந்த எழுத்துகளே காலத்தைச் சொல்லும். ரேவனில் யூ இருக்கும் பக்கம் பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்குள் அச்சானது. வி வந்துவிட்டது, ஆனால் நெட்டை எஸ் இருக்கிறது என்றால் அதன் பிறகு ஏறக்குறைய 1800 வரை. நெட்டை எஸ்ஸும் இல்லை, பிஜனில் டியும் இல்லை, கேப்பர்கெய்லியில் மட்டும் இசட் இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு நூல். நீங்கள் சொன்ன மூன்று சொற்களும் ஒரே நூலில் இருந்தால் முதலில் ரேவனை நம்புங்கள், மற்ற இரண்டும் அதோடு முரண்படவில்லை.